மீன்காரி பேரில் ஒரு நம்பர்

மிலெம்பேக்கு நம்பர் மறக்காது. முகம் மறக்கும், பேர் மறக்கும், அடுப்பில் வைத்த உகாலிக் களிகூட அடிப்பிடித்த பிறகுதான் நினைவுக்கு வரும். ஆனால் பத்து இலக்கம் ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் கல்வெட்டுதான். ஏரிக்கரைப் பட்டணமான முவான்சாவில், நியாகத்தோ பஸ் நிறுத்தத்தில், ஒரு சிவப்புக் குடைக்குக் கீழே பதினோரு வருஷம் ரீசார்ஜ் விற்றவள் அவள். ஏழாம் வகுப்போடு மகுவிலிருந்து பட்டணத்துக்கு வந்தவளுக்கு அந்த ஞாபகம்தான் படிப்பு, அதுதான் கைமுதல்.

அந்தக் குடைக்குக் கீழே அவள் செய்த ஒரு காரியம் உண்டு. ரீசார்ஜ் போட வருகிறவர்கள் தங்கள் நம்பரை ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு ஆள் வந்து நின்றான்.

"இப்ப பச்சைப் பாவாடையில ஒரு பொண்ணு வந்துச்சே, அது என் அண்ணன் மக. நம்பரை மாத்திக்கிட்டா. வீட்ல எல்லாரும் தவிச்சுப் போயிருக்கோம்."

மிலெம்பே நோட்டை அவன் பக்கம் திருப்பினாள். சித்தப்பன் என்று சொல்கிறவனை நம்பாமல் எப்படி? ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். புது சிம் வாங்கினாள். நம்பரை எழுதச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாயால சொல்றேன், போடுங்க. எழுத மாட்டேன்."

திட்டவில்லை, அழவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கே நோட்டு அடுப்புக்குப் போனது. அதற்குப் பிறகு மிலெம்பே யார் நம்பரையும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் தலைக்குள்தான்.

பெண்கள் அடைக்கல இல்லத்தில் போன் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த எஸ்தேரியா அவளைக் கூட்டிப்போனதும் அந்தத் தலைக்காகத்தான். எஸ்தேரியா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பச்சை கேட் போட்ட வீடு, எட்டுக் கட்டில். அந்த வீடு எங்கே இருக்கிறது என்பது வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் தெரியும். போன் நம்பர் ஊருக்கே தெரியும். உள்ளூர் ரேடியோவில் எஸ்தேரியா வாரம் ஒருமுறை சொல்வாள். கூப்பிடும் பெண்களிடம் போனில் காசு இருக்காது. ஒரு மணி அடிக்க விட்டு வைத்துவிடுவார்கள். மிலெம்பே திருப்பிக் கூப்பிடுவாள். மிஸ்டு கால் வந்தும் திருப்பிக் கூப்பிடாதவன், வாசலில் நின்று குரல் கொடுத்தவருக்குக் கதவைத் திறக்காதவன் மாதிரி. அந்த ஊரில் அது எழுதாத சட்டம்.

இல்லத்து நோட்டில் அவள் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் குறிப்பாள். 'முப்பத்தொன்று, மூன்று பிள்ளை.' 'எண்பது, வருவதாகச் சொன்னாள்.' பேர் கேட்பதில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், அறுபத்தெட்டில் முடிகிற நம்பரிலிருந்து ஒரு மணி அடித்து நின்றது. மிலெம்பே திருப்பிக் கூப்பிட்டாள்.

"யார் பேசுறதுன்னு கேட்பீங்களா?" மெல்லிய குரல், மூச்சு வாங்கியது.

"கேட்க மாட்டேன். சொல்லணும்னு தோணினா சொல்லுங்க."

"வேண்டாம்."

"சரி, வேண்டாம்."

"ஏரிக்கு அந்தப் பக்கம், செங்கெரேமா. ரெண்டு பிள்ளைங்க. சின்னதுக்கு எட்டு மாசம். அவரு பைக் டாக்சி ஓட்டுறாரு. போன மாசம் என் மணிக்கட்டை…"

அறுந்துவிட்டது.

மிலெம்பே மறுபடி போட்டாள். பாதியில் அறுந்த பேச்சை அப்படியே விடலாமா? அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டாள். மூன்றாவது தடவை ஆண் குரல்.

"யாரு?"

மூச்சு விடாமல் வைத்துவிட்டாள். பேசவில்லையே, அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் அதே நம்பர் கூப்பிட்டது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"முவான்சா… பெண்கள்… அடைக்கல… இல்லம்." எழுத்துக்கூட்டிப் படித்தான். "பேரு நல்லாத்தான் இருக்கு. ஆயிரம் ஷில்லிங் அனுப்புற மாதிரி உங்க நம்பரைப் போட்டேன். 'இன்னாருக்கு அனுப்பவா'ன்னு போனே கேட்டுச்சு. வேணாம்னு அமுக்கிட்டேன். எனக்குப் பைசா செலவில்ல." சிரித்தான். "என் வீட்டுல யாருக்குங்க அடைக்கலம்? சொல்லுங்களேன், நானும் தெரிஞ்சுக்கறேன்."

அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. லைன் போய்விட்டது.

அவன் செய்தது புது வித்தை இல்லை. தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டது யாரென்று பார்க்க அந்த ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். போன் வழியாகப் பணம் அனுப்புவதுபோல நம்பரைப் போட்டால், சிம் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பேர் வந்து நிற்கும். பார்த்துவிட்டு ரத்து செய்துவிடலாம். குடைக்குக் கீழே உட்கார்ந்து நூறு பேருக்காவது மிலெம்பேயே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது மட்டுமா? இல்லத்து சிம்மை இல்லத்தின் முழுப் பேரில் பதியவேண்டும் என்று போன வருஷம் பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான். "பேரைப் பார்த்தாத்தானே நன்கொடை கொடுக்கறவங்க நம்பிப் பணம் அனுப்புவாங்க?" என்று அவள் கேட்டபோது எஸ்தேரியா தலையாட்டினாள். கொடுக்கிறவருக்குத் தைரியம் கொடுத்த அதே பேர்தான் செங்கெரேமாவில் ஒருத்தியைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

ஒன்பது நாள் அறுபத்தெட்டிலிருந்து ஒரு மணியும் வரவில்லை. பத்தாம் நாள் மிலெம்பே தன் சொந்தப் போனை எடுத்து, பணம் அனுப்பும் பக்கத்துக்குப் போய், அந்தப் பத்து இலக்கத்தையும் போட்டாள். கடைசிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. பேர் தெரிந்தால் அந்தப் பக்கம் ஆளை விட்டு விசாரிக்கலாம். உயிரோடு இருக்கிறாளா என்றாவது தெரியும். நல்லதுக்குத்தானே? அந்த இஸ்திரிச் சட்டைக்காரனும் நல்லதுக்கு என்றுதானே சொன்னான்? வேண்டாம் என்று தன் வாயால் சொன்னவளின் பேரை முதுகுக்குப் பின்னால் எடுத்தால், அவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

ஒவ்வொரு இலக்கமாக அழித்தாள். எழுந்து எஸ்தேரியாவிடம் போனாள்.

"நம்ம நம்பரை மறைக்கணும். நாம கூப்பிட்டா அங்க எதுவும் தெரியக்கூடாது. பேரும் வேண்டாம், நம்பரும் வேண்டாம்."

"அதெல்லாம் போலீசுக்கும் பெரிய ஆபீசர்களுக்கும்தான் கொடுப்பாங்க, குல்வாம்மா." மிலெம்பேயின் இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவன் குல்வா; அவன் பேரோடு சேர்த்துத்தான் ஊர் அவளைக் கூப்பிடும். "நீ போய்க் கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கடிதம் எழுதிக் கொடுங்க."

டெலிபோன் கம்பெனி ஆபீசில் ஜாஃபெட் என்ற இளைஞன், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தான். கடிதத்தைப் படித்தான், திருப்பிக் கொடுத்தான். மேலதிகாரி ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றான். மிலெம்பே எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அம்மா, திங்கட்கிழமைன்னேன்."

"கேட்டுச்சு தம்பி. வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கறதும் இங்க உக்காந்து காத்திருக்கறதும் ஒண்ணுதானே?"

இரண்டு நாள் உட்கார்ந்தாள். பையில் கொண்டுவந்த வற்றல் கிழங்கை மென்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "இந்தத் தம்பி நல்ல பையன், என் வேலையும் இன்னைக்கு முடிச்சிடுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் மேலதிகாரி எப்படியோ ஊருக்கு வந்துவிட்டார்.

நம்பர் மறைந்தது. மிலெம்பே சந்தோஷமாக மிஸ்டு கால்களைத் திருப்பிக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் பத்தொன்பது பேரைக் கூப்பிட்டாள். இரண்டு பேர்தான் எடுத்தார்கள்.

யார் எடுப்பார்கள்? பேரில்லாமல் ஊரில்லாமல் ஒரு கால் வந்தால் அது போலீஸ், இல்லையென்றால் கடன் கேட்கிறவன், இரண்டும் இல்லையென்றால் எடுத்தால் மூக்கில் ரத்தம் வரவைக்கும் சூனியக்கார நம்பர். எடுத்த இரண்டு பேரில் ஒருத்தி குசுகுசுவென்று சொன்னாள்: "அக்கா, தயவு செஞ்சு இந்த மாதிரி கூப்பிடாதீங்க. வெறும் திரையப் பார்த்துட்டு, 'எவன்டி அவன், மறைஞ்சு நின்னு கூப்பிடறவன்'னு எங்க வீட்டுக்காரரு கதவைச் சாத்திட்டு அடிச்சாரு."

மறுநாள் காலை மிலெம்பே ஜாஃபெட்டின் முன்னால் நின்றாள்.

"தம்பி, அதை எடுத்துவிடு."

"எதை?"

"மறைப்பை."

ஜாஃபெட் நாற்காலியில் சாய்ந்தான். "என்னம்மா இது? ரெண்டு நாள் இந்த பெஞ்சைத் தேச்சீங்க. எங்க மேலதிகாரி வாழ்க்கையில முதல் தடவையா லீவை ரத்து பண்ணிட்டு வந்தாரு. இப்ப வேணாம்னா?"

"தப்பா கேட்டுட்டேன். முகத்தை மூடிக்கிட்டுப் போற பொம்பளையைத்தான் ஊரே திரும்பிப் பார்க்கும். எனக்கு வேற வேணும்."

"வேற என்ன?"

"எவனும் ரெண்டாந்தடவை பார்க்காத முகம்."

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. பேர் தெரியத்தான் போகிறது. தெரிகிற பேர், பார்க்கிற ஆணுக்குக் கொட்டாவி வரவைக்கிற பேராக இருக்கவேண்டும். எந்த வீட்டுப் போனிலும் இருக்கிற பேர். செங்கெரேமாவிலோ ஏரித் தீவுகளிலோ ஒருத்தியின் போனில் வந்தால், "ஓ, அவளா" என்று புருஷன் திருப்பிக் கொடுத்துவிடுகிற பேர்.

கிரும்பா மீன் சந்தைக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ருக்கியாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஏரியில் பிடிக்கும் டகா என்கிற பொடிமீனை மணலில் காயவைத்து, டின் கணக்கில் ஏரியின் நாலு கரைக்கும் அனுப்புகிறவள். குண்டான உடம்பு, சந்தை முழுக்கக் கேட்கும் குரல். மிலெம்பே அவளுக்குப் பல வருஷம் ரீசார்ஜ் போட்டிருக்கிறாள். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு ருக்கியா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எண்ணெய் கேட்டு வருவாளுங்க, உப்பு கேட்டு வருவாளுங்க. பேரைக் கடன் கேட்டு வந்தவ நீதான்டி முதல்."

"சிம் உங்க பேர்ல இருக்கும் ருக்கியாக்கா. போன் என்கிட்ட இருக்கும். போட்டுப் பார்த்தா 'ருக்கியா ஹமீசி'ன்னு வரும். இந்தப் பேரைப் பார்த்து எவன் சந்தேகப்படுவான்?"

"நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சுக் கத்தியோட வந்தா யாரைத் தேடுவான்? உன்னையா? என்னைத்தான்."

அது உண்மைதான். ஒருத்தியின் பேரைக் காப்பாற்ற இன்னொருத்தியின் பேரை வெயிலில் நிறுத்துவது என்ன நியாயம்? வரும் வழியெல்லாம் மிலெம்பே அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள், விடை கிடைக்கவில்லை. கிடைக்காமலேதான் வந்து நின்றாள்.

"ஆமாக்கா. உங்களைத்தான் தேடுவான். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. அதனாலதான் கெஞ்சாம கேட்கிறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, கிளம்பிடறேன்."

ருக்கியா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். நாற்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கத்தி.

"ஏய், கேட்டீங்களாடி? எவனாவது கத்தியோட வருவானாம்."

"வரட்டும் ருக்கியாக்கா," என்றாள் வரிசைக் கோடியிலிருந்து ஒருத்தி. "இங்க கத்திக்குப் பஞ்சமா? ஒண்ணோட வந்தா நாப்பதோட திரும்பிப் போவான்."

சிரிப்பு கரைவரை போனது. ருக்கியா சிரிக்கவில்லை.

"ஒரு நிபந்தனை. என் பேர் இருபத்திரண்டு வருஷம் இந்த மணல்ல காஞ்சது. என் பேர்ல போன் வச்சிருக்கறவளுக்கு மீன் தெரியணும். ஆம்பள எடுத்து விலை கேட்டா நீ திருதிருன்னு முழிக்கக்கூடாது. ஆர்டர் வந்தா எனக்கு வந்து சேரணும். சம்மதமா?"

"சம்மதம்."

"அப்ப நாளைல இருந்து காலையில இங்க வா. கை நாறும், சொல்லிட்டேன்."

கை நாறியது. வாரம் பூராவும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. எது கரைமணலில் காய்ந்தது, எது வலைமேல் காய்ந்தது, கல் கலந்த டின்னை எப்படிக் குலுக்கிப் பார்ப்பது, விளக்கு வெளிச்சத்துக்கு மீன் ஏன் வரும், நிலா வளர்ந்தால் ஏன் வராது, அப்போது விலை எவ்வளவு ஏறும் என்று எல்லாவற்றையும் கற்றாள். நம்பர் பிடிக்கிற தலை விலையையும் பிடித்துக்கொண்டது.

சிம் பதியப் போன கடையில் வேறொரு வம்பு. ருக்கியாவின் கட்டைவிரல் ரேகையை மெஷின் ஏற்கவில்லை. உப்பும் செதிலும் இருபத்திரண்டு வருஷமாகத் தேய்த்த விரல். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மெஷின் சிவப்பாகக் கத்தியது.

"மெஷினுக்கே நான் யாருன்னு தெரியல. இவ என் பேரைக் கேட்கிறா," என்று ருக்கியா கடைக்காரனிடம் முறையிட்டாள். ஒன்பதாவதாக வைத்த இடது சுண்டுவிரலுக்குத்தான் பச்சை விளக்கு எரிந்தது.

பழைய நம்பர் பணம் அனுப்புகிறவர்களுக்கு என்று இருந்தது. புது நம்பரை ரேடியோவில் சொல்லவில்லை. ரேடியோ ஆண்கள் காதிலும் விழும். ஆண்கள் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு: குழந்தைக்கு எடை போடும் நாள். எஸ்தேரியாவோடு பயிற்சி எடுத்த நர்ஸ் ஒருத்தி செங்கெரேமா சுகாதார நிலையத்தில் இருந்தாள். அவள் தராசுத் தூளியில் குழந்தையைத் தொங்கவிட்டபடி ஒவ்வொரு தாயிடமும் சொன்னாள்: "இது மீன்கார ருக்கியா நம்பர். எந்தக் கஷ்டம்னாலும் ஒரு மிஸ்டு கால் போதும். வீட்ல கேட்டா மீனுக்குன்னு சொல்லு."

மிலெம்பே புது விதி ஒன்றும் போட்டுக்கொண்டாள். ஒரு மிஸ்டு காலுக்கு ஒரே ஒரு தடவைதான் திருப்பிக் கூப்பிடுவது. எடுக்கவில்லை என்றாலும், பேச்சு பாதியில் அறுந்தாலும், அவர்களாக மறுபடி கூப்பிடும்வரை போனைத் தொடுவதில்லை. ஊர்ச் சட்டத்துக்கு அது மரியாதைக் குறைவுதான். இருக்கட்டும் என்று விட்டாள்.

புது நம்பருக்குப் பெண்கள் கூப்பிட்டார்கள். நிஜமாகவே மீன் கேட்டும் சிலர் கூப்பிட்டார்கள்; அதுவும் ருக்கியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அறுபத்தெட்டு மட்டும் வரவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, சந்தையில் மிலெம்பே மீன் முறத்தின் மேல் வைத்திருந்த போன் ஒரு தடவை அடித்து நின்றது.

மிலெம்பே நம்பரைப் பார்த்தாள்: அறுபத்தெட்டு. முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஒரு தடவைதான். திருப்பிக் கூப்பிட்டாள்.

"யாரு?" அதே ஆண் குரல்.

அவள் உயிரோடு இருந்து அவளே மணி அடிக்கவிட்டிருந்தால், அந்தக் கையோடு இவன் உள்ளே வந்திருக்கவேண்டும்.

"கிரும்பாவுல இருந்து ருக்கியா. இந்த நம்பர்ல இருந்து மிஸ்டு கால் வந்துச்சு. மீன் வேணுமா, வேணாமா?"

அவன் வைத்துவிட்டான்.

மிலெம்பே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். பணம் அனுப்பும் பக்கம். பத்து இலக்கம். ஆயிரம் ஷில்லிங். கடைசிப் பொத்தான். அவள் கை தானாக மறுபடி கூப்பிடப் போனது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கத்தியை நிறுத்தினார்கள். ருக்கியா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

போன் அடித்தது. மிஸ்டு கால் இல்லை, முழு மணி.

"ருக்கியா ஹமீசியா?"

"பின்ன என்ன, பிஷப்பா?"

"டின் என்ன விலை?"

"முப்பத்திரண்டாயிரம்."

"போன வாரம் இருபத்தெட்டுன்னாங்களே?"

"போன வாரம் போன வாரத்தோட போச்சு. ராத்திரி வானத்தைப் பார்த்தீங்களா? நிலா தட்டு மாதிரி நிக்குது."

"நேத்துப் பிடிச்ச மீன்தானே?"

"அண்ணே, நிலா வெளிச்சத்துல எவன் பொடிமீன் பிடிக்கிறான்? நேத்துப் பிடிச்சதுன்னு எவளாவது வித்தா சொல்லுங்க, அவளை நானே பார்க்கணும். இது பத்து நாள் முந்திக் காஞ்சது. கல்லு இருக்காது. பிடிச்சா வாங்குங்க, இல்லன்னா என் நேரத்தை ஏன் கரைக்கறீங்க?"

சிரிப்பை அடக்கியதில் ருக்கியாவின் வாய் கோணியது.

"திமிரைப் பாரு," என்றான் அவன் யாரிடமோ. குரல் தளர்ந்திருந்தது. "இந்தா, உன் மீன்காரி. அரை டின்னுக்கு மேல வாங்காத."

போன் கை மாறியது.

மிலெம்பே குரலைத் தாழ்த்தவில்லை. வார்த்தை அவளுக்கு மட்டும்தான் கேட்கும்; தொனி மாறினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியும். விலை பேசும் குரலிலேயே பேசினாள். "உங்ககிட்ட பேர் கேட்காதவதான் பேசறேன். போன தடவை நான் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டது தப்பு. நீங்க ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. இன்னும் வரணும்னு நினைக்கிறீங்களா?"

"ஆமா."

"பிள்ளைங்க ரெண்டு பேரோடவா?"

"ஆமா."

"வியாழக்கிழமை?"

"இல்ல."

"புதன்?"

"ஆமா." பிறகு அவளாகவே குரலை உயர்த்தினாள். "முப்பத்திரண்டு ஜாஸ்தி. நானே நேர்ல வந்து குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். கல்லைக் கட்டி அனுப்புவீங்க."

"அப்படியே ஆகட்டும். கமங்கா படகு வந்து நிக்கற துறையில, காலைல. தலையில நீலத் தொட்டி வச்சிருப்பேன்."

போனை வைத்ததும் மிலெம்பே முறத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பத்திரண்டா சொன்னே?" என்றாள் ருக்கியா. "இன்னைக்கு முப்பத்தொண்ணுடி."

"பதட்டத்துல வந்துடுச்சுக்கா."

"பரவாயில்ல. பதட்டத்துல ஏத்திச் சொல்றவதான் வியாபாரி. குறைச்சுச் சொல்லியிருந்தே, சிம்மைப் பிடுங்கியிருப்பேன்."

புதன்கிழமை மிலெம்பே விடிந்ததும் துறைக்கு வந்துவிட்டாள். நீலத் தொட்டி நிறைய பொடிமீன். செங்கெரேமா பக்கத்திலிருந்து லாரிகளையும் ஏற்றிவரும் முதல் பெரிய படகில் அவள் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. தொட்டி கனத்தது, மீன் கேட்டு வந்தவர்களுக்கு விற்கவும் வேண்டியிருந்தது. விற்காமல் நிற்கிற மீன்காரியை யாராவது சந்தேகமாகப் பார்ப்பார்கள். மூன்றாவது படகிலிருந்து லாரிகளும் சைக்கிள்களும் கோழிக் கூடைகளும் இறங்கிய பிறகு, கடைசியாக ஒருத்தி இறங்கினாள். முதுகில் மஞ்சள் துணியில் கட்டிய குழந்தை. கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண். மூட்டை கிடையாது. இடது மணிக்கட்டு சரியாகக் கூடாமல் கோணியிருந்தது. நேராகத் தொட்டியைப் பார்த்து வந்தாள்.

"அரை டின் கேட்டது நான்தான்."

"வாங்க," என்றாள் மிலெம்பே.

வேனில் பின் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். தொட்டி மிலெம்பேயின் மடியில். மீன் நாற்றத்துக்கு முன் இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்தார். வேன் நியாகத்தோவைத் தாண்டும்போது போன் அடித்தது. அறுபத்தெட்டு. பக்கத்திலிருந்தவள் நம்பரைப் பார்த்துவிட்டாள். மகளின் தலையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். வீட்டில் இருந்த ஒரே போனை அவள் அவனிடமே விட்டுவந்திருந்தாள்.

எடுக்காமல் விட்டால்? வியாபாரி எடுக்காமல் இருப்பாளா? மிலெம்பே எடுத்தாள்.

"என் வீட்டுக்காரி அங்க வந்தாளா?"

"எந்த வீட்டுக்காரி?"

"அரை டின்."

"ஏன் அண்ணே, இது உங்களுக்கே நல்லா இருக்கா? விடியக்காலைல இருந்து எடுத்து வச்சுக்கிட்டு நிக்கறேன். நாலு பேர் கேட்டும் கொடுக்கல. வருவாங்களா, மாட்டாங்களா? இனிமே பணத்தை முதல்ல அனுப்பிட்டு ஆர்டர் சொல்லுங்க."

அவன் வைத்துவிட்டான்.

வேன் குலுங்கிக்கொண்டே போனது. நாளைக்கு அவன் கிரும்பாவுக்கு வரலாம். வந்தால் நாற்பது பேர் இருக்கிறார்கள். மிலெம்பேயும் முறத்தோடு அங்கேதான் உட்கார்ந்திருப்பாள், ருக்கியாவைத் தனியாக விடப்போவதில்லை. அதை அவள் துறையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

சிறுமி தொட்டிக்குள் விரலை விட்டு ஒரு மீனை எடுத்தாள். "இதுல கல்லு இருக்கா?"

"இல்ல கண்ணு. குலுக்கிப் பாரு."

சிறுமி இரண்டு கையாலும் தொட்டியைக் குலுக்கினாள். அவள் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிறுத்தம் போயிற்று. பிறகு, யாரும் கேட்காமல், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"என் பேரு லிமி."

"லிமி," என்றாள் மிலெம்பே.

சாயங்காலம் இல்லத்து நோட்டை எடுத்து, 'அறுபத்தெட்டு' என்று இருந்த இடத்துக்கு நேரே 'வந்துவிட்டாள்' என்று மட்டும் எழுதினாள். பேரை எழுதவில்லை.